புகை வந்தால் உடனே போர் அடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைலன்சரில் லேசாக நீலப் புகை தெரிந்தால் போதும், ‘போர் போச்சு, எஞ்சினை இறக்கணும்’ என்ற தீர்ப்பு வண்டி ஸ்டாண்டில் நிற்பதற்குள் வந்துவிடுகிறது. போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்; அது தேய்ந்தால் லேத்தில் கடைந்து பெரிதாக்குவதுதான் போர் அடிப்பது. எஞ்சினை இறக்கி, சிலிண்டர் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, பிஸ்டன் மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு மறுநாள் காலையில் அதே புகை. கோளாறு போரில் இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. யமஹா ஆர்15, பல்சர் 220 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும், மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல், வெள்ளை என்றால் தண்ணீர் என்பது பலருக்கும் தெரிந்த பாடம். நிறத்தோடு அது எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர். அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பிறகு நாள் முழுக்கப் புகையே இல்லை. இது போர் தேய்ந்த அறிகுறியே இல்லை. வால்வுத் தண்டின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சிறு ரப்பர் சீல் சூட்டில் கெட்டியாகி, பிடியை விட்டிருக்கிறது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் தங்கிய ஆயில் இரவில், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் எரிகிறது.

இதே சீல் இன்னோர் இடத்திலும் காட்டிக்கொடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஆக்சிலரேட்டரை மூடி, கியரிலேயே இறக்குகிறீர்கள். அப்போது காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் உறிஞ்சும் விசை மிகக் கடுமையாக இருக்கும். தளர்ந்த சீல் வழியே ஆயிலை உள்ளே இழுக்கும். அடிவாரத்தில் மறுபடி ஆக்சிலரேட்டர் திருகும்போது பின்னால் வருபவர் முகத்தில் நீல மேகம். மலைக்குப் போகத் தேவையில்லை. காலியான சாலையில் மூன்றாம் கியரில் 7,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி, 3,000 வரை இறங்கவிட்டு, மறுபடி திறந்தால் போதும். பின்னால் வேறொரு வண்டியில் ஒருவர் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் போரும் தேய்ந்திருந்தால் நடத்தை வேறு மாதிரி. எஞ்சின் சூடானாலும் புகை நிற்காது, ஆக்சிலரேட்டர் திருகத் திருகக் கூடும், ஏற்றத்தில் இழுவை குறையும், 1,000 கி.மீ.க்குள் ஆயில் அளவு கண்ணுக்குத் தெரிய இறங்கும். இந்த வண்டிகளில் மொத்தமே ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில்தான் என்பதால், அதில் 200, 300 மி.லி. போவது சின்ன விஷயமில்லை. ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது, மேலே இருந்து வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்.

கண்ணுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாள் போதும். சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். தண்ணீர் என்றால் பொட்டுகள் காய்ந்து மறையும். ஆயில் என்றால் பஜ்ஜி வைத்த தாள்போல் வெளிச்சம் ஊடுருவும் கறை நிற்கும். விரலில் தடவினால் உலர்ந்த கரி மட்டும் ஒட்டினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது.

இனி மிகச் சாதாரணமான, ஆனால் அதிகம் தவறவிடப்படும் காரணம்: ஆயில் அதிகமாக ஊற்றியிருப்பது. ஆர்15 முதல் மாடலுக்கு ஆயில் மாற்றும்போது ஃபில்டரோடு சேர்த்து ஒரு லிட்டர், ஃபில்டர் மாற்றாவிட்டால் 950 மி.லி. தான் வேண்டும். பழைய ஆயிலை முழுவதும் வடியவிடாமல், கையிலிருக்கும் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டால் மட்டம் ஏறிவிடும். மிஞ்சிய ஆயிலைக் கிராங்க் அடித்துக் கலக்க, அது ஆவியோடு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிகிறது. அப்படி ஆயிலில் ஊறிய ஃபில்டர் காற்றையும் அடைக்கும். புகை, மிஸ்ஸிங், பிக்கப் இல்லாமை மூன்றும் ஒன்றாக வரும். சர்வீஸ் முடிந்த வாரத்திலேயே புகை தொடங்கியது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மட்டம் பார்ப்பதிலும் பிசகு நடக்கிறது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்தால் எந்த அளவும் பொய். சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஆயில் கீழே இறங்கிய பிறகு, சமதளத்தில் நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். பல்சர் 220-இல் கண்ணாடி ஜன்னல் உண்டு, குழப்பம் இல்லை. குச்சி உள்ள வண்டிகளில், மரையைத் திருகாமல் வெறுமனே நுழைத்துப் பார்ப்பதா, முழுக்கத் திருகிப் பார்ப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திருகிப் பார்க்க வேண்டிய வண்டியில் திருகாமல் பார்த்தால் ஆயில் குறைவாக இருப்பதுபோல் தோன்றும், மேலும் ஊற்றிவிடுவோம். அந்த மரையின் நீளம்தான் கூடுதல் ஆயிலாக உள்ளே போகிறது. ஓனர் மேனுவலில் ஒரு வரியில் இருக்கும் விஷயம் இது.

பிரீதரைச் சோதிப்பது சுலபம். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றி, நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பெட்டியின் துளையைத் தற்காலிகமாக அடைத்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். புகை நின்றால் ஆயில் வந்த வழி தெரிந்துவிட்டது. மட்டம் சரியாக இருந்தும் குழாயில் ரயில் எஞ்சின்போல் ஆவி குப்குப்பென்று அடித்தால், ரிங்கைத் தாண்டி எரிவாயு கீழே இறங்குகிறது என்று பொருள். அப்போது போரைப் பற்றிப் பேசலாம்.

பேசுவதற்கு முன் ஓர் எண் வேண்டும். சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் என்பது எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகும் கருவி. ஆனால் பல இடங்களில் அது பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை; கிக்கரை மிதித்துப் பார்த்து, அல்லது பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். முறையாகச் செய்ய கால் மணி நேரம் போதும். எஞ்சினைச் சூடாக்கி அணைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மண்ணே உள்ளே விழுந்து போரைக் கீறும். இன்ஜெக்‌ஷன் வண்டியானால் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் வராமல் தடுக்க வேண்டும். கழற்றிய பிளக்கைத் துளையருகே தீப்பொறி தெறிக்கவிட்டுச் செல்ஃப் அடிக்கக் கூடாது. துளையிலிருந்து சீறிவரும் பெட்ரோல் ஆவி பற்றும். கேஜைக் கையால் திருகிப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை, ஐந்தாறு சுற்று, செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திறக்க மறந்தாலும், பேட்டரி சோர்ந்திருந்தாலும் நல்ல எஞ்சினே செத்த எஞ்சின்போல் காட்டும். பாதிக் குற்றச்சாட்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

முதல் அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு சுற்று சுற்றவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். 120 பிஎஸ்ஐ காட்டிய முள் 150-க்குத் தாவினால், ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொண்டது என்று பொருள். குறை ரிங்கில் அல்லது போரில். முள் அசையவில்லை என்றால் காற்று மேலே, வால்விலோ, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டிலோ தப்புகிறது. பிளாக்கைத் தொடவே வேண்டாம். முதல் அளவே மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்து, காலையில் மட்டும் புகை என்றால் வால்வு சீல் மாற்றினால் போதும். ஆர்15-இல் நான்கு வால்வு, நான்கு சீல். பல்சர் 220-இல் இரண்டுதான். பொருளின் விலை சில நூறு ரூபாய், கூலிதான் கூடுதல். சீல் மாற்றும்போதே வால்வுத் தண்டைக் கைடுக்குள் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஆட்டம் அதிகமிருந்தால் புது சீலும் சில மாதங்களில் போய்விடும்.

உண்மையிலேயே போர் தேய்ந்திருந்தாலும் எல்லா பிளாக்கையும் லேத்தில் கொடுக்க முடியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளில் அலுமினிய பிளாக்குக்குள் இரும்பு ஸ்லீவ் இருக்கும், 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். 2008-இல் வந்த ஆர்15-இன் சிலிண்டருக்கு ஸ்லீவே கிடையாது. 20 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் வார்த்த, ‘டயாசில்’ என்று யமஹா அழைக்கும் பிளாக் அது. உலோகப் பரப்பில் துருத்தி நிற்கும் கடினமான சிலிக்கான் துகள்கள்மீதுதான் ரிங் ஓடுகிறது. அதை லேத்தில் கொடுத்துச் சுரண்டினால் அந்தப் பரப்பே போய்விடும். போரில் ஆழக் கீறல் விழுந்தால் பிளாக்கையும் பிஸ்டனையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. ‘இரும்பு ஸ்லீவ் இறக்கித் தருகிறோம்’ என்று சிலர் செய்கிறார்கள். ஓடத்தான் செய்கிறது. ஆனால் இரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் நடுவே சூடு கடத்துவதும் முன்போல் இருக்காது. மதிய வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சீஸ் ஆகும் ஆபத்தை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம். கேடிஎம் 390-இன் சிலிண்டரிலும் நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு உண்டு. அங்கும் இதே எச்சரிக்கைதான்.

ரிங் மாற்றியும் புகை நிற்கவில்லை என்பது அடுத்த புகார். ரிங்கின் ஓரத்தில் பொடியாக ஓர் எழுத்து பொறித்திருக்கும். அது மேல்நோக்கி இருக்க வேண்டும். இரண்டாவது ரிங்கின் விளிம்பு சாய்வானது, ஆயிலைக் கீழே வழிப்பதற்காக. தலைகீழாகப் போட்டால் அதே ரிங் ஆயிலை மேலே ஏற்றும். புது எஞ்சின் பழையதைவிட அதிகமாகப் புகைக்கும். ரிங்குகளின் வாய்களை, அதாவது வெட்டு விட்ட இடங்களை, ஒரே நேர்கோட்டில் விட்டாலும் இதே கதை. 120 டிகிரி இடைவெளியில் திருப்பி வைக்க வேண்டும். பிஸ்டனில் போடும் முன் ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் மெக்கானிக் அளந்தாரா என்று கேளுங்கள். முகம் பார்த்தாலே பதில் தெரியும்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் சில பத்து கிலோமீட்டர் புகை வரலாம். மாதக்கணக்கில் சைலன்சருக்குள் படிந்த ஆயில் எரிந்து தீர வேண்டும், புது ரிங் போரில் படிய வேண்டும். அதற்குள் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 100 கி.மீ. தாண்டியும் குறையாவிட்டால் போங்கள்.

வெள்ளைப் புகையில் முக்கால்வாசி கோளாறே இல்லை. மார்கழிக் காலையிலும், வாட்டர் வாஷ் முடிந்த கையோடும் சைலன்சரிலிருந்து ஆவி வரும், தண்ணீர் சொட்டும்; ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல், இனிப்பான நெடியோடு வந்து, கூலன்ட் டப்பாவில் மட்டம் வாராவாரம் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, உள்ளே இடைவிடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆயில் மூடியின் அடியில் காபி நுரைபோல் கொஞ்சம் படிந்திருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படியும். வடித்த ஆயில் முழுவதும் பால்போல் இருந்தால்தான் கவலை. பல்சர் 220-க்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அதில் ரேடியேட்டரே இல்லை; முன்னால் அப்படித் தெரிவது ஆயில் கூலர்.

ஆர்எக்ஸ்100, ராஜ்தூத் 350 என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பேணுபவர்களுக்கு ஒரே வார்த்தை. அவை ஆயிலை எரிக்கவே பிறந்தவை. ஆனால் சாலையே மறையும் அளவுக்குப் புகைந்து, கியர் ஆயிலும் குறைந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போயிருக்கிறது. 2டி எனப்படும் டூ ஸ்ட்ரோக் ஆயில் பம்பைக் குறைத்து வைத்துப் புகையை அடக்கப் பார்த்தால் பிஸ்டன் சீஸ் ஆகும்.

கறுப்புப் புகைக்கு வருவோம். பிளக்கைப் பார்த்தாலே பாதி விளங்கும், ஆனால் நின்ற இடத்தில் உறுமவிட்டுப் பார்க்கக் கூடாது. ஐந்து கி.மீ. சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சில் அணைத்து, அங்கேயே கழற்ற வேண்டும். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமான, பளபளக்கும் கறுப்பு என்றால் ஆயில். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு. பிஸ்கட் நிறம் என்றால் நலம். ஆர்15 முதல் மாடலுக்கு உரியது என்ஜிகே சி.ஆர்.8.இ பிளக், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. திரும்பப் போடும்போது முதல் நான்கைந்து மரையைக் கையாலேயே திருகுங்கள். ஹெட் அலுமினியம், ஸ்பேனரால் கோணலாக ஏற்றினால் மரை போய், அதுவே தனிச் செலவு.

கார்பரேட்டர் வண்டியில் திரும்பாத சோக், மிதவை ஊசி தேய்ந்து நிரம்பி வழிதல், அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவது இன்ஜெக்டரை. நான் முதலில் பார்க்கச் சொல்வது கூலன்ட் சென்சார். அது கெட்டால் கொதிக்கும் எஞ்சினையும் பனியில் நிற்கும் எஞ்சின் என்று நினைத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும். பல மாடல்களில் இதன் மின்தடை 20 டிகிரியில் ஏறத்தாழ 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு. வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்கி மல்டிமீட்டரில் பார்க்கலாம். சென்சாரின் இணைப்பு அறுந்திருந்தால் யமஹா இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் 21 என்ற கோளாறு எண்ணே காட்டிவிடும். 33 என்றால் இக்னிஷன் காயில், 39 என்றால் இன்ஜெக்டர். எண் எதுவும் வரவில்லை என்பதற்காகச் சென்சார் நல்லது என்று அர்த்தமில்லை. தவறான அளவு எல்லைக்குள் இருந்தால் ஈசியூவுக்குத் தெரியாது.

புகையே இல்லாமல் மிஸ்ஸிங் அடிக்கும் பல்சர் 220-இல் இரண்டு பிளக்கையும் சோதிக்க வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றதில் வண்டி ஓடும், ஆனால் கரகரத்துக்கொண்டு ஓடும். கைக்கு எட்டும் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுக் கார்பரேட்டரைப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஐடிலிங் நிலையில்லாமல் ஏறி இறங்கினால், எஞ்சினுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு இருக்கலாம். ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து அதன்மேல் அடியுங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடமே வெடிப்பு. கார்பரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சினில் அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். தண்ணீர் அளவு மீறும்போது இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து, டேங்கின் அடியில், சரியாகக் குழாய் உறிஞ்சும் இடத்தில், தங்கும். சில வாரம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகி, இரண்டு தெரு தாண்டித் திணறினால், டேங்கின் அடியிலிருந்து கால் லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். பத்து நிமிடத்தில் அடியில் தனி அடுக்கு தெரிந்தால் எஞ்சினில் குறை தேட வேண்டாம். டேங்கை முழுவதும் காலி செய்தால் சரியாகும். அந்த அடுக்கோடு புதுப் பெட்ரோலை ஊற்றிக் கலக்கிவிடலாம் என்பது நடக்காது.

‘புகைச் சான்றிதழ் இருக்கிறது, அதனால் எஞ்சின் நல்லது’ என்ற நம்பிக்கைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சான்றிதழ் தரும் கருவி அளப்பது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோ கார்பனையும், அதுவும் ஐடிலிங்கில். புகையின் அடர்த்தியை அளப்பது டீசல் வண்டிகளுக்கு மட்டும். காலையில் நீலமாகக் கக்கும் வண்டி மதியம் பங்க்கில் தேறிவிடும். சொட்டுப் புகைகூடத் தெரியாத, பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும் வண்டி கார்பன் மோனாக்சைடு கூடித் தோற்கும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். விற்கும் முன் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலோ, ‘புகை நிறுத்தும்’ பிசின் கலவையோ ஊற்றினால் சில நூறு கிலோமீட்டருக்குப் புகை ஒளிந்துகொள்ளும். கார் ஆயிலை ஊற்றியிருந்தால் கிளட்ச் வழுக்கும். பைக்குக்கு, கிளட்ச் வழுக்காத ஆயிலைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ தரம் வேண்டும். பார்க்கப் போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து காலைப் புகையை வெளியேற்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள்.

பட்டறை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். எஞ்சினைத் திறக்கும் முன் கம்ப்ரஷன் அளவு இரண்டையும், ஆயில் விடுமுன் ஒன்று, விட்ட பின் ஒன்று, ஜாப் கார்டில் எழுதி வாடிக்கையாளர் கையெழுத்து வாங்குங்கள். வண்டிக்காரர்களும் அந்த இரண்டு எண்ணைக் காட்டாமல் எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகனப் பழுதுநீக்கப் பயிற்றுநர்,
சேலம்.